இரண்டு லோரன்ஸ் அமைப்புகளை ஃபஸி கட்டுப்பாட்டால் ஒத்திசைய வைப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரே சமன்பாடு, ஒரே மாறிலிகள். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான். இருபது கால அலகு கழிவதற்குள் இரண்டு லோரன்ஸ் அமைப்புகளும் (தொடக்கம் துளி மாறினாலும் தடமே மாறிவிடும் 'கேயாஸ்' நடத்தை கொண்ட மூன்று சமன்பாடுகளின் தொகுதி) ஒன்றையொன்று அறியாதவை போலத் தனித்தனியே சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த இரண்டையும் பிடித்து, ஒன்றின் தடத்திலேயே மற்றதை நடக்க வைப்பதுதான் கேயாஸ் ஒத்திசைவு. இது நடக்கக்கூடியதே என்று 1990-இல் காட்டியவர்கள் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் லூயி பெக்கோராவும் தாமஸ் கேரலும்.

இதற்கு ஃபஸி முறையை, அதாவது பல விதிகளை அவை பொருந்தும் அளவுக்கு ஏற்பக் கலந்து முடிவெடுக்கும் முறையை, கையாளும்போது பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 'ஃபஸி' என்றால் தோராயம், ஆகவே கெய்ன்களையும் (பிழையை எத்தனை மடங்காக்கி உள்ளீடாகத் தருவது என்ற எண்களையும்) தோராயமாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். பிழை சுழியை நோக்கிப் போகிறதா, சரி, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். லோரன்ஸ் அமைப்பு இந்த விஷயத்தில் ரொம்பத் தாராளமானது. விதிகளைத் தப்பாக எழுதினாலும் பல நேரம் ஒத்திசைந்துவிடும். அதனால் இங்கே பிழை எந்த வேகத்தில் சுருங்க வேண்டும் என்பதைக் கையாலேயே முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, சிமுலேஷன் அதே எண்ணைத் தருகிறதா என்று பார்க்கப்போகிறோம்.

எந்த வகை ஃபஸி

லோட்ஃபி ஜாதே 1965-இல் ஃபஸி கணங்களை அறிமுகப்படுத்தினார். 1975-இல் மம்தானி ஒரு சிறு நீராவி எஞ்சினை 'அழுத்தம் கொஞ்சம் அதிகமானால் வெப்பத்தைக் கொஞ்சம் குறை' என்பது போன்ற சொல்விதிகளால் கட்டுப்படுத்தினார். 1985-இல் தகாகியும் சுகெனோவும் இன்னொரு வடிவம் தந்தார்கள். அதில் விதியின் முடிவுப் பகுதி ('என்ன செய்ய வேண்டும்' என்பது) சொல்லாக இருக்காது, ஒரு நேரியல் சமன்பாடாக இருக்கும்.

கேயாஸ் ஒத்திசைவுக்கு இரண்டாவதையே எடுங்கள். மம்தானி வகை விதிகளாலும் ஒத்திசைய வைக்க முடியும். ஆனால் நிலைப்புத்தன்மையை நிறுவுவது பெரும்பாடு. தகாகி–சுகெனோ வடிவத்தில் மூலச் சமன்பாட்டையே, ஓர் எல்லைக்குள், துளியும் தோராயமில்லாமல் விதிகளாக மாற்றி எழுதலாம். அந்த எல்லையின் மூலைகளில் (மாறிகளின் கடைக்கோடி மதிப்புகளில்) மட்டும் சரிபார்த்தால் நடுவில் உள்ள எல்லா இடங்களுக்கும் அது செல்லும்.

குறியீடுகளும் கருவிகளும்

முன்னோடி அமைப்பின் மாறிகள் க, ச, த. அதைத் தொடரும் அமைப்பின் மாறிகள் கா, சா, தா. பிழை எப்போதும் 'தொடர்வது கழித்தல் முன்னோடி': பி1 = கா − க, பி2 = சா − ச, பி3 = தா − த. கட்டுப்பாட்டு உள்ளீடுகள் உ1, உ2, உ3. மேற்கோடு (′) இட்டால் காலத்தைப் பொறுத்த மாறுவீதம்.

பைத்தான், ஆக்டேவ், மேட்லேப் எதுவானாலும் சரி. தனி ஃபஸி தொகுப்பு எதுவும் வேண்டாம். நான்கு விதிகளை நான்கு வரிகளில் எழுதிவிடலாம். தொகுப்பைப் பயன்படுத்தினால் அது உள்ளே என்ன பெருக்குகிறது, எதை வகுக்கிறது என்பது மறைந்துபோகும். பிற்பாடு பிழை தேடும்போது அதுவே தலைவலியாகும்.

படி 1: கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்

எட்வர்ட் லோரன்ஸ் 1963-இல் வெளியிட்ட சமன்பாடுகள், வழக்கமான மாறிலிகளோடு:

க′ = 10(ச − க)
ச′ = 28க − ச − க·த
த′ = க·ச − (8/3)த

தீர்ப்பதற்கு நான்காம் வரிசை ருங்கே–குட்டா முறை (சிறு சிறு கால அடிகளாக முன்னேறும் எண்முறை), கால அடி 0.001. (1, 1, 1)-இல் தொடங்கி 20 அலகு ஓடவிடுங்கள். அந்தத் தடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கடைசிப் புள்ளியை முன்னோடியின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது கேயாஸ் பரப்பின் மேல், அதாவது தடம் கடைசியில் சுற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில், உட்கார்ந்திருக்கும்.

அதன் நகல் ஒன்றை எடுத்து, க-வில் மட்டும் 10⁻⁶ கூட்டி இரண்டையும் ஒன்றாக ஓட்டுங்கள். இந்த அமைப்பின் மிகப் பெரிய லியாபுனோவ் அடுக்கு (பக்கத்துப் பக்கத்துத் தடங்கள் விலகும் அடுக்கு வேகம்) சுமார் 0.906. அந்த வேகத்தில் 10⁻⁶ வித்தியாசம் 20 அளவுக்கு வளர 18, 19 அலகு பிடிக்கும். உங்கள் வரைபடத்தில் 5 அலகிலேயே பிரிந்துவிட்டாலோ, 60 அலகாகியும் ஒட்டிக்கொண்டே இருந்தாலோ, சமன்பாட்டில் ஏதோ ஒரு குறி தவறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

இதே ஓட்டத்தில் 200 அலகுக்கு ச, த இரண்டின் சிறும, பெரும மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ச ஏறத்தாழ −27 முதல் 27 வரையிலும், த ஏறத்தாழ 1 முதல் 48 வரையிலும் அலையும். க −20 முதல் 20 வரை. விதிகளின் எல்லையை இந்த எண்கள்தான் தீர்மானிக்கும். 28-ஐ மாற்றினால் இவையும் மாறும், மறுபடி அளக்க வேண்டும்.

படி 2: பிழையின் சமன்பாட்டை எழுதுங்கள்

தொடரும் அமைப்பின் மூன்று வரிகளிலும் முறையே உ1, உ2, உ3-ஐக் கூட்டுகிறோம். கழிக்கும்போது பெருக்கற்பதங்களை இப்படிப் பிரிக்க வேண்டும்:

கா·தா − க·த = கா·பி3 + த·பி1
கா·சா − க·ச = கா·பி2 + ச·பி1

ஆக,

பி1′ = 10(பி2 − பி1) + உ1
பி2′ = (28 − த)பி1 − பி2 − கா·பி3 + உ2
பி3′ = ச·பி1 + கா·பி2 − (8/3)பி3 + உ3

இங்கே நிதானமாகப் பாருங்கள். கா இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்றில் கழித்தல், மற்றதில் கூட்டல். பி1² + பி2² + பி3² என்ற தொகையின் மாறுவீதத்தை எடுத்தால் அவை இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கா எவ்வளவு பெரிதாக ஆடினாலும் நமக்குக் கவலையில்லை. தொல்லை தருபவை பி1-ஐ ஒட்டிய த, ச இரண்டும்தான். விதிகளை அவற்றின் மேல்தான் அமைக்க வேண்டும். பல விளக்கங்களில் க-வை விதி மாறியாக எடுத்திருப்பார்கள். அது தவறில்லை, ஆனால் இந்தக் கணக்குக்கு அது சுற்றுவழி.

படி 3: எல்லையும் உறுப்பளவும்

அளந்த எண்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, த-வுக்கு 0 முதல் 50, ச-வுக்கு −30 முதல் 30 என்று எல்லை வையுங்கள். உறுப்பளவுகள் (ஒரு மதிப்பு 'தாழ்வு', 'உயர்வு' போன்ற கணத்தில் எந்த அளவுக்குச் சேர்கிறது என்ற எண்கள்) நேர்கோடுகள்:

த 'தாழ்வு' = (50 − த)/50
த 'உயர்வு' = த/50
ச 'எதிர்' = (30 − ச)/60
ச 'நேர்' = (30 + ச)/60

ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 1. மணி வடிவம், முக்கோணம் என்று அழகு பார்க்க வேண்டாம். நேர்கோடாக இருப்பதால்தான் இடைச்செருகல் மூலச் சமன்பாட்டை அப்படியே தருகிறது. மணி வடிவம் போட்டால் அது தோராயமாகிவிடும்.

படி 4: நான்கு விதிகள்

நோக்கம்: மூன்று பிழைகளும் ஒரே வேகத்தில், 10 என்ற வீதத்தில், சுருங்க வேண்டும். பி1 ஏற்கெனவே −10 வீதத்தில் இருப்பதால் உ1 = 0 போதும். பி2-க்கு −1 இருக்கிறது, இன்னும் 9 வேண்டும். பி3-க்கு −8/3 இருக்கிறது, இன்னும் 22/3, அதாவது 7.333 வேண்டும். பி1, பி2 இரண்டுக்கும் இடையிலான பிணைப்பில் முதல் வரியின் 10-ம் இரண்டாம் வரியின் 28-ம் சேர்ந்து 38 ஆகும். அதிலிருந்து த-வைக் கழித்து நீக்க வேண்டும்.

விதி 1. த தாழ்வு, ச எதிர்: உ2 = −38·பி1 − 9·பி2; உ3 = +30·பி1 − 7.333·பி3
விதி 2. த தாழ்வு, ச நேர்: உ2 = −38·பி1 − 9·பி2; உ3 = −30·பி1 − 7.333·பி3
விதி 3. த உயர்வு, ச எதிர்: உ2 = +12·பி1 − 9·பி2; உ3 = +30·பி1 − 7.333·பி3
விதி 4. த உயர்வு, ச நேர்: உ2 = +12·பி1 − 9·பி2; உ3 = −30·பி1 − 7.333·பி3

38 என்பது த = 0 மூலை, −12 என்பது த = 50 மூலை (38 − 50). உ2-இல் குறி மாறி +12 ஆகிறது. ஒவ்வொரு விதியின் எடையும் அதன் இரண்டு உறுப்பளவுகளின் பெருக்கல். நான்கு எடைகளும் சேர்ந்தால் தானாகவே 1 வரும். பிறகு எடையிட்டுக் கூட்ட வேண்டியதுதான். நிரலில் 7.333 என்று சுருக்காமல் 22/3 என்றே எழுதுங்கள்.

படி 5: ஓட்டும் முன் கையால் ஒரு புள்ளி

த = 20, ச = 15 என்று வையுங்கள். தாழ்வு 0.6, உயர்வு 0.4, எதிர் 0.25, நேர் 0.75. எடைகள் 0.15, 0.45, 0.10, 0.30. உ2-இல் பி1-இன் கெழு: −38 × 0.6 + 12 × 0.4 = −18. நேரடியாகக் கணக்கிட்டால் −(38 − 20) = −18. உ3-இல்: 30 × 0.25 − 30 × 0.75 = −15, அதாவது −ச. உங்கள் செயற்கூறு இந்த இரண்டு எண்களைத் தரவில்லையென்றால் சிமுலேஷனை ஓட்டிப் பயனில்லை.

'இதற்கு −(38 − த)·பி1 என்று நேராகவே எழுதிவிடலாமே, விதி எதற்கு?' என்று கேட்டால், லோரன்ஸுக்கு இந்த இடத்தில் அது நியாயமான கேள்வி. மூன்று உள்ளீடும் கையில் இருக்கும்போது ஃபஸி வடிவம் ஒரு பயிற்சிதான். உள்ளீடு குறையும்போது அது ஏன் வேண்டியிருக்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

படி 6: ஓட்டுங்கள், சரிவை அளவிடுங்கள்

உள்ளீடுகளைப் போட்ட பின் பிழைச் சமன்பாடு இப்படி ஆகிறது:

பி1′ = −10·பி1 + 10·பி2
பி2′ = −10·பி1 − 10·பி2 − கா·பி3
பி3′ = கா·பி2 − 10·பி3

முதல் வரியைப் பி1-ஆலும், இரண்டாவதைப் பி2-ஆலும், மூன்றாவதைப் பி3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். குறுக்குப் பதங்கள் அத்தனையும் மறைந்து −10(பி1² + பி2² + பி3²) மட்டும் மிஞ்சும். பிழையின் மொத்த அளவு, அதாவது அந்த வர்க்கத் தொகையின் வர்க்கமூலம், 10 என்ற அடுக்கு வேகத்தில் சுருங்கியே ஆக வேண்டும். 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே இல்லை. ஒரு கால அலகுக்கு 22,026 மடங்கு சுருக்கம்.

தொடரும் அமைப்பை முன்னோடியிலிருந்து (5, −5, 5) தள்ளி வையுங்கள். தொடக்கப் பிழை 8.66. முன்னோடி எங்கே இருந்தாலும், ஒரு அலகு கழித்து 0.000393, இரண்டு அலகு கழித்து 1.785 × 10⁻⁸ வர வேண்டும். பிழையின் பத்தடிமான மடக்கையை வரைந்தால் ஒரு நேர்கோடு, அலகுக்கு 4.34 பதின்மம் இறக்கம். சுமார் மூன்றரை அலகில் 10⁻¹⁴ அருகே தரை தட்டும். அது இரட்டைத் துல்லிய எண்களின் எல்லை. ஆறு மாறிகளையும் ஒரே திசையனாக வைத்து ஒன்றாகவே தொகையிடுங்கள், ருங்கே–குட்டாவின் நான்கு உள்படிகளிலும் உள்ளீட்டைப் புதிதாகக் கணக்கிடுங்கள். இவை இரண்டும் முக்கியம்.

கோடு நேராக வரவில்லையென்றால்

பிழை உடனே வெடித்துப் பறந்தால் முதல் சந்தேகம் குறிமேல். பிழையை 'முன்னோடி கழித்தல் தொடர்வது' என்று எடுத்துவிட்டு, உள்ளீட்டைக் கூட்டியிருப்பீர்கள்.

சுருங்குகிறது, ஆனால் கோடு நெளிகிறது. இதுதான் கபடமான நிலை, 'ஒத்திசைந்துவிட்டது' என்று ஏமாற்றும். வழக்கமான காரணம் மூன்று.

ஒன்று, 38-க்குப் பதில் 28 எழுதியிருப்பது. இரண்டாம் வரியை மட்டும் பார்த்தால் 28 என்றுதான் தோன்றும். முதல் வரியின் 10 மறந்துபோகும்.

இரண்டு, எடைகளுக்குப் பெருக்கலுக்குப் பதில் சிறுமத்தை எடுத்திருப்பது. பல ஃபஸி தொகுப்புகளில் சிறுமமே இயல்பமைப்பு. மேலே பார்த்த புள்ளியில் எடைகள் 0.25, 0.6, 0.25, 0.4 என்று வரும், கூட்டுத்தொகை 1.5. அதால் வகுத்துச் சரிசெய்தாலும் உ2-இன் கெழு −18-க்குப் பதில் −16.33, உ3-இன் கெழு −15-க்குப் பதில் −10. இவ்வளவு பிசகியும் ஒத்திசைவு ஏன் கெடவில்லை? இரண்டு கெழுக்களிலும் உள்ள பிசகின் வர்க்கங்களைக் கூட்டி 400-க்குக் கீழ் இருந்தால் பிழை சுருங்கியே தீரும். இங்கே அந்தத் தொகை 28 அளவுதான். 38-க்கு 28 எழுதியவருக்கு 100. இருவருமே தப்பித்துவிடுகிறார்கள், சரிவு மட்டும் காட்டிக்கொடுக்கிறது. இதே கெய்ன்களை, பிசகைத் தாங்கும் இடம் குறைவான வேறொரு அமைப்புக்குக் கொண்டுபோனால் அங்கே தப்பிக்க வழியில்லை.

மூன்று, விதிகளுக்கு த-வை முன்னோடியிலிருந்தும் சா-வைத் தொடர்வதிலிருந்தும் கலந்து எடுப்பது. இரண்டையும் முன்னோடியிலிருந்து எடுத்தால் கணக்கு சரி. இரண்டையும் தொடர்வதிலிருந்து எடுத்தாலும் சரிதான், மேலே கா வந்த இடத்தில் க வரும், அவ்வளவே. கலந்தால் பி1·பி2·பி3 என்ற பெருக்கம் மிச்சப்படும். பிழை பெரிதாக இருக்கும் தொடக்கத்தில் மட்டும் கோடு வளைந்து, பிறகு நேராகிவிடும். அந்த வளைவைக் கண்டால் இதையே தேடுங்கள். இரண்டில் முன்னோடியே பாதுகாப்பு, ஏனென்றால் தொடர்வது தொடக்கத்தில் 0–50 எல்லையைத் தாண்டிப் போகலாம்.

கோடு நேராக இறங்கி 10⁻⁴, 10⁻⁵ அருகே நின்றுவிட்டால், முன்னோடியை முதலில் தனியாக ஓட்டிச் சேமித்து, பிறகு இடைச்செருகிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள். அடியைத் தானே மாற்றிக்கொள்ளும் தீர்ப்பிகளில் இது சகஜம். பைத்தானின் சைபை தொகுப்பில் உள்ள solve_ivp-இல் சார்புப் பிழையின் இயல்பு எல்லை 10⁻³ மட்டுமே. 10⁻⁶ அருகே நின்றால் 32 பிட் எண்கள். அர்டுவினோ ஊனோவில் (ஆர்3 வரை) 'டபிள்' என்று அறிவித்தாலும் கிடைப்பது 32 பிட்தான்.

உள்ளீட்டுக்கு வரம்பு இருந்தால்

த தாழ்ந்திருக்கும்போது பி1 = 20 என்றால் உ2 மட்டும் 700-ஐத் தாண்டும். நிஜக் கருவி எதுவும் இதைத் தராது. உள்ளீட்டை ±100-இல் வெட்டினால், வெட்டுப்படும் நேரத்துக்கு மேலே சொன்ன நிறுவல் செல்லாது.

இதற்கு அழகான வழி, காத்திருப்பது. இரண்டு அமைப்புகளும் ஒரே பரப்பில் அலைகின்றன, எப்போதாவது தாமாகவே நெருங்கி வரும். பிழையின் அளவு 2.5-க்குக் கீழே வந்த கணத்தில் கட்டுப்பாட்டை இயக்குங்கள். அப்போது உ2 அதிகபட்சம் 2.5 × 39.05, அதாவது 97.6. உ3 அதிகபட்சம் 77. அதன்பின் பிழை குறைந்துகொண்டே போவதால் மறுபடி வரம்பைத் தொடாது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவசரம் என்றால் இந்த வழி உதவாது.

மாறிலிகள் ஒத்துப்போகாவிட்டால்

தொடரும் அமைப்பில் 28-க்குப் பதில் 28.5 என்று வைத்து ஓட்டுங்கள். பிழை சுழிக்குப் போகாது. கூடுதலாக 0.5·கா என்ற தள்ளுதல் எப்போதும் இருக்கும். கா 20 வரை போவதால், பிழை கடைசியில் 0.5 × 20 ÷ 10 = 1 என்ற எல்லைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

எல்லையைச் சுருக்க வீதத்தை 10-இலிருந்து 50-க்கு ஏற்றலாம். உ1 = −40·பி1, உ2-இல் 9-க்குப் பதில் 49, உ3-இல் 22/3-க்குப் பதில் 142/3. எல்லை 0.2-ஆகக் குறையும். விலை இரண்டு: அளவீட்டு இரைச்சலும் அதே மடங்கு பெருகி உள்ளே வரும், கால அடியும் சுருங்க வேண்டும். வீதத்தைக் கால அடியால் பெருக்கினால் 0.1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ருங்கே–குட்டா 2.78 வரை தாங்கும், ஆனால் அந்த எல்லையை ஒட்டி ஓட்டினால் சரிவை நம்ப முடியாது. உள்ளீட்டை மாதிரி எடுத்து அடுத்த மாதிரி வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் இதே 0.1 கணக்குதான்.

ஒரே உள்ளீடு மட்டும் இருந்தால்

இங்கேதான் ஃபஸி தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. உ1 = −கெ·பி1 மட்டும் (கெ என்பது கெய்ன்), உ2, உ3 இல்லை. அதே வர்க்கத் தொகையை எடுத்தால், பிழை சுருங்குவதற்குப் போதுமான நிபந்தனை இது:

10 + கெ > (38 − த)²/4 + 3ச²/32

ஒரே மாறாத கெய்ன் என்றால் மிக மோசமான மூலைக்கு ஈடுகொடுக்க வேண்டும்: த = 0-இல் 361, ச = ±30-இல் 84.4. ஆக கெ 435.4-க்கு மேல். த 38-ஐ ஒட்டியும் ச சுழியை ஒட்டியும் இருக்கும்போது இதில் பெரும்பகுதி வீண்.

விதிகளால் கெய்னைத் த-வுக்கும் ச-வுக்கும் ஏற்ப மாற்றலாம். த-வுக்கு இரண்டு கணம் (0-இல் 361, 50-இல் 36) வைத்தால் நடுவில், த = 25-இல், 198.5 வரும். உண்மையில் தேவை 42.25. மூன்றாவதாக 38-இல் ஒரு முக்கோணக் கணத்தைச் செருகி, அதன் மதிப்பைச் சுழியாக வையுங்கள். த = 25-இல் அது 123.5 ஆக இறங்கும். ச-வுக்கு −30, 0, 30 என்ற மூன்று கணங்களில் 84.4, 0, 84.4. த தந்ததையும் ச தந்ததையும் கூட்டியதே கெ. கணங்களை இன்னும் கூட்டினால் இன்னும் இறுகும். வர்க்க வளைவு கிண்ணம் போல் மேல்நோக்கி வளைந்தது, அதனால் இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு எப்போதும் வளைவுக்கு மேலேயே இருக்கும். ஆகவே எத்தனை கணம் வைத்தாலும் கெய்ன் தேவைக்குக் கீழே போகாது. நிபந்தனையின் இடப்பக்கத்தில் உள்ள 10 உபரியாக நிற்கிறது, அதைத் தொடாதீர்கள்.

இதைவிடக் குறைந்த கெய்னிலும் சிமுலேஷனில் ஒத்திசைவதைப் பார்ப்பீர்கள். மேலே உள்ளது போதுமான நிபந்தனையே தவிர, கட்டாயமானது அல்ல.

இரண்டு எச்சரிக்கை. கெ 440 அளவில் இருக்கும்போது கால அடி 0.01 வைத்தால் 2.78 எல்லை தாண்டி எண்கள் வெடிக்கும். 0.001 தாங்கும், 0.0002 நல்லது. அடுத்து, மிகப் பெரிய கெய்ன் வேகத்தைக் கூட்டாது. பி1 சுழியை ஒட்டிவிட்ட பின் பி2, பி3 இரண்டும் தம் சொந்தத் தேய்மானத்தில்தான் சுருங்க வேண்டும். அவற்றின் தேய்மானக் கூட்டுத்தொகை 1 + 8/3, சராசரி 1.83. அந்த நிலையில் நீண்டகாலச் சரிவு அதைத் தாண்டாது. சரிவு 10 வரவில்லையே என்று கெய்னை ஏற்றிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை.

முன்னோடியிலிருந்து த மட்டுமே கிடைக்கிறது என்றால் வேறு அமைப்பைத் தேடுங்கள். க, ச இரண்டின் குறியையும் ஒருசேர மாற்றினாலும் லோரன்ஸ் சமன்பாடுகள் மாறாது, த-வும் மாறாது. த-வை மட்டும் பார்ப்பவருக்கு நிஜமும் கண்ணாடி பிம்பமும் ஒன்றுபோலவே தெரியும்.

வேறு அமைப்புகளுக்கு

லோரன்ஸில் கா பதங்கள் அடித்துக்கொண்டு போனது நம் அதிர்ஷ்டம். ராஸ்லர், சென் போன்ற அமைப்புகளில் வெறும் வர்க்கத் தொகை போதாமல் போகலாம். அப்போது எடையிட்ட வர்க்க வடிவம் ஒன்றைத் தேட வேண்டும். எல்லா மூலைகளுக்கும் பொதுவான ஒரே அணியைக் கணினி தேடித் தரும். இந்த வகைச் சிக்கல் நேரியல் அணிச் சமனிலி எனப்படும். மேட்லேப்பில் யால்மிப், பைத்தானில் சிவிஎக்ஸ்பை என்ற தொகுப்புகள் இதைத் தீர்க்கும். 'தீர்வு இல்லை' என்று வந்தால் அமைப்பை ஒத்திசைய வைக்கவே முடியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லையை அகலமாக வைத்திருப்பீர்கள், அல்லது விதி மாறிகள் தேவைக்கு மேல் இருக்கும். மாறி ஒன்று கூடினால் மூலைகள் இரட்டிக்கும். முதலில் எல்லையைச் சுருக்கிப் பாருங்கள்.

மேசைமேல் செய்து பார்க்க

லோரன்ஸை அனலாக் சுற்றாகக் கட்ட நினைத்தால் க, ச இரண்டையும் 10-ஆலும் த-வை 20-ஆலும் வகுத்து அளவிறக்குங்கள். அப்போது எல்லாமே 3 வோல்ட்டுக்குள் அடங்கும். ஆனால் பெருக்கிச் சில்லுகள் விலை அதிகம். முதல் முயற்சிக்கு அவை இல்லாத சுற்றே மேல்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளி, லட்சுமணன் இருவரும் லியான் சுவாவுடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட முரளி–லட்சுமணன்–சுவா சுற்று இதற்கு வெகு பொருத்தம். ஒரு மின்தடை, ஒரு தூண்டல் சுருள், ஒரு மின்தேக்கி, ஒரு சுவா டையோடு, ஒரு சைன் அலை மூலம், அவ்வளவே. சுவா டையோடின் வளைவு நடுவில் −0.76 மில்லிசீமன்ஸ், ஓரங்களில் −0.41 மில்லிசீமன்ஸ் சாய்வு கொண்டது. இரண்டு சுற்றுகளின் டையோடு மின்னோட்ட வித்தியாசத்தை மின்னழுத்த வித்தியாசத்தால் வகுத்தால், அந்தச் சாய்வு எப்போதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலேயே இருக்கும். ஆக இரண்டே மூலைகள். முன்னோடியின் மின்தேக்கி மின்னழுத்தத்தை ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் வழியாக எடுத்து, ஒரு மின்தடை மூலம் தொடரும் சுற்றின் மின்தேக்கி முனையோடு இணையுங்கள். அதன் கடத்துதிறன் 0.76 மில்லிசீமன்ஸுக்கு மேல் இருந்தால், இரண்டு சுற்றுகளின் வித்தியாசத்தில் தங்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். அதாவது மின்தடை 1,316 ஓமுக்குக் கீழ் இருந்தால் போதும். 1 கிலோஓம் வைத்தால் 0.24 மில்லிசீமன்ஸ் உபரி கிடைக்கும். பஃபரை விட்டுவிட்டால் இணைப்பு இருவழியாகி, முன்னோடியையும் தொடர்வது இழுக்க ஆரம்பிக்கும்.

இரண்டு சுற்றுக்கும் சைன் அலை ஒரே மூலத்திலிருந்து வர வேண்டும். இரண்டு தனி ஜெனரேட்டர்களை ஒரே அதிர்வெண்ணுக்குத் திருப்பி வைத்தாலும் கட்டம் மெதுவாக விலகும். ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்–ஒய் நிலையில் வைத்து, ஒரு மின்தேக்கி மின்னழுத்தத்தை மற்றதற்கு எதிராகப் பாருங்கள். ஒத்திசைந்தால் 45 பாகைக் கோடு தெரியும். அந்தக் கோடு மெல்லிய நீள்வட்டமாகப் பருத்தால் தூண்டல் சுருள்களின் மதிப்பு வேறுபடுகிறது என்று முதலில் சந்தேகியுங்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த சுருள்களானாலும் மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்த பிறகே பலகையில் செருகுங்கள்.